கணக்கில் இல்லாத தோணி

அந்தக் காலத்துப் படிப்பு, அந்தக் காலத்து வாத்திமார் என்று நீங்கள் கூடும் இடமெல்லாம் புகழ்கிறீர்கள். கலியாண வீட்டிலும் இதே கதை, செத்த வீட்டிலும் இதே கதை. ஒத்த வயதுக்காரர்கள் என்பதற்காக நானும் இத்தனை நாள் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். இனி ஆட்டமாட்டேன். போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை சதுரக்கோட்டுக் கொப்பியோடு வந்து, ஒரு கணக்குக் காட்டித் தரச் சொல்லி என் மடியில் வைத்தது. குறுக்கே ஒரு கோடு, மேலே ஒரு கோடு, இடையில் இரண்டு புள்ளிகள். நான் கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். வயதும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆத்திரம். இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த ஆத்திரம்.

எங்கள் ஊர் படுவான்கரை. வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம். அரசாங்கக் கச்சேரி, ஆசுப்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் அக்கரையில், எழுவான்கரையில். அப்பா தோணிக்காரர். பிள்ளைப்பேற்றுக்குத் துடிக்கிற பெண்ணையும், கச்சேரிக்குப் போகிற கிழவனையும், மண்டூர்த் திருவிழாவுக்குக் காவடியோடு போகிறவர்களையும் அவர்தான் ஏற்றி இறக்குவார். அந்தத் தோணியின் அடிப்பலகையில் ஒரு ஒழுக்கு இருந்தது. எத்தனை தரம் அடைத்தாலும் ஒழுகும். அதனால் சிரட்டையால் தண்ணீர் இறைக்கிற வேலை எனக்கு. பள்ளிக்கு முன்னும் இறைப்பேன், பள்ளி விட்டு வந்தும் இறைப்பேன். என் பாவாடைக் கரை காய்ந்து ஒருநாளும் நான் கண்டதில்லை.

அது இரண்டாம் உலக யுத்த காலம். மண்ணெண்ணெய்க்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன். பெற்றோல் இல்லையென்று வாவியைச் சுற்றி ஓடிய ஒரே பஸ்ஸும் நின்றுவிட்டது. அதுவரை எங்கள் தோணியைக் கண்டால் மூக்கைச் சுளித்த பெரிய மனிதர்களெல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு துறைக்கு வந்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீடும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். பெற்றவர்கள் பின்வளவில் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். இருந்த ஒரு வீடு அக்காவுக்கு என்று ஆகிவிட்டது. நான் இரண்டாவது. ஒரு தோணியை வைத்துக்கொண்டு இன்னொரு வீடு எழுப்புவது என்பது நடக்கிற காரியமா? ஒருநாள் நான் இறைத்துக்கொண்டு இருக்கும்போது அப்பா துடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உனக்கொரு வீடு கட்டித் தர என்னால ஏலா புள்ள. நீ படி. படிச்சு டீச்சரா வந்தியெண்டா அதுதான் உனக்கு வீடு."

அக்கரைப் பெரிய பள்ளிக்கூடத்தில், விடுதியில் தங்கி இலவசமாகப் படிக்க, படுவான்கரையிலிருந்து ஒரு பெண்பிள்ளையை எடுப்பதாக அந்த வருடம் சொல்லியிருந்தார்கள். ஒரேயொரு பிள்ளை, அதுவும் சோதனை வைத்து. அந்த இடம்தான் என் வீடு. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் இடுப்பளவு, நிலம் மணல். தாளுக்குத் தட்டுப்பாடு. அதனால் கணக்கு வாத்தியார் மணலில் தண்ணீர் தெளித்து, கம்பால் கட்டம் கட்டமாகக் கீறிவிடுவார். மூலையில் ஒரு கல். அந்தக் கல்தான் தொடக்கம். "முதல் குறுக்க, மறுகா மேல" என்பது அவர் மந்திரம். "குறுக்க மூணு, மேல ரெண்டு" என்று கூப்பிடுவார். ஒரு பிள்ளை ஓடிப்போய் அந்த இடத்தில் புள்ளியாக நிற்க வேண்டும். மாறி நின்றால் முழங்காலுக்குக் கீழே கம்பு விழும். ஈரமணல் விரலிடுக்கில் சில்லென்று ஏற, நான் புள்ளியாக நிற்பேன். உலகத்தில் எந்த இடத்தையும் இரண்டு எண்ணால் சொல்லிவிடலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. சுவரில் தொங்கிய மாவட்டப் படத்தில் நூலால் கட்டம் போட்டு, எங்கள் துறை எங்கே, அக்கரைத் துறை எங்கே என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றும் அளந்தேன். அரை மைல். ரோட்டால் சுற்றினால் பதினான்கு. வீட்டில் சொன்னேன். அப்பா அதைத் துறையில் வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னார்.

அம்மா பன்புல்லால் பாய் இழைப்பாள். சாயம் போட்ட சிவப்புப் பன்னை வாயில் கவ்விக்கொண்டு, "குறுக்க எத்தன?" என்று மூக்கால் கேட்பாள். நான் நிலத்தில் கீறி வைத்த கட்டத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லச் சொல்ல, பாயில் ஒரு மயில் எழும்பிவந்தது. கொண்டை கொஞ்சம் கோணல். காத்தான்குடியிலிருந்து சாமான் கட்டிக்கொண்டு வருகிற யாவாரி அந்தப் பாயை எடுத்துக்கொண்டு, மற்றச் சாமான்களோடு எனக்கு ஒரு கொப்பிப் பென்சில் தந்தார். நாக்கில் தொட்டு எழுதினால் நாவற்பழக் கலரில் எழுதும், அழியாதே, அந்தப் பென்சில். சோதனைக்கென்று அதைக் கூரை ஓலையில் செருகி வைத்திருந்தேன்.

சோதனை நாள், மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசுகிற காலம். வெயில் ஏறுமுன்னே அக்கரையிலிருந்து கூவல் கேட்டது. அங்கே நிற்பவர் கையைக் குவித்துக் கூவுவார், இங்கே தோணிக்காரர் பதிலுக்குக் கூவிவிட்டுப் புறப்படுவார். அதுதான் துறையின் முறை. அன்றைக்குக் கூவியது, சோதனை வைக்க வந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருடைய ஆள். இன்ஸ்பெக்டர் ஐயா பக்கத்தில் நின்றார். வெள்ளைக் காற்சட்டை, தொப்பி, தோல்பை. தோணியில் ஏறியதும் இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, காலை மேலே தூக்கிவைத்துக்கொண்டார். வரும் வழியெல்லாம் அவர் என்னிடம் பேசிய ஒரே சொல் "இறை" என்பதுதான். எங்கள் கரையில் முழங்காலளவு சேறு. சப்பாத்து நனையக்கூடாது என்று அப்பா அவரை முதுகில் சுமந்துகொண்டுபோய் மணலில் இறக்கினார். அவருடைய தொப்பி அப்பாவின் தலைக்கு மேலே இன்னொரு தலை மாதிரி ஆடியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அதோடு அன்றைக்குச் சிரித்து முடிந்தது.

கடைசிக் கேள்வி கட்டத்தாளில் இருந்தது. படத்தை இன்ஸ்பெக்டர் ஐயா தன் கையாலே கீறியதாகத் தலைமை வாத்தியார் பெருமையாகச் சொன்னார். ஒரு கட்டம் ஒரு மைல். குறுக்கே ஒன்று, மேலே இரண்டு: அங்கே ஒரு கிராமம். குறுக்கே ஐந்து, மேலே ஐந்து: அங்கே ஆசுப்பத்திரி. இரண்டுக்கும் நடுவே நெளிநெளியாகத் தண்ணீர். கிராமத்திலிருந்து ஒரு ரோட்டு நேரே மேலே ஏறி, பாலத்தால் குறுக்கே போய், திரும்ப இறங்கியது. கிராமத்தில் ஒருவருக்குக் கடும் வருத்தம், மிகக் குறுகிய வழியால் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக எத்தனை மைல்? இதுதான் கேள்வி.

வருத்தக்காரரைக் கொண்டுபோகிற வழி எனக்குத் தெரியாதா? நான் இறைத்த தண்ணீரில் எத்தனை வருத்தக்காரர் கிடந்தார்கள். இரண்டு புள்ளியையும் குத்தினேன். பென்சிலை நாக்கில் தொட்டு, ஒரு புள்ளியிலிருந்து மற்றப் புள்ளிக்குத் தண்ணீரின் மேலே நேர்கோடு இழுத்தேன். அடிமட்டத்தை வைத்து அளந்தேன். அச்சொட்டாக ஐந்து கட்டம். ஐந்து மைல் என்று எழுதிவிட்டு எல்லாருக்கும் முதல் எழும்பினேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ஊர் அதிகாரி விதானையாருடைய மகள். அவள் ரோட்டைக் கட்டம் கட்டமாக எண்ணிப் பதினொன்று என்று எழுதினாள். பாவம், அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். குளத்தில் கால் நனைக்கக்கூடப் பயம். படத்தில் தண்ணீரைக் கண்டதும் ரோட்டால் போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் ஐயா இளநீர் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்து திருத்தினார். கடைசியில் இரண்டு தாள் மிஞ்சியது, அவளுடையதும் என்னுடையதும். மற்ற விடையெல்லாம் இரண்டு பேருக்கும் சரி. என்னை எழும்பச் சொன்னார்.

"ஏன் தண்ணீருக்கு மேலே கோடு கீறினாய்?"

"தோணியால போகலாம் ஐயா."

"இந்தப் படத்தில் தோணி எங்கே இருக்கிறது? காட்டு பார்ப்போம்."

அவருக்கு ஞாபகம் இல்லைப் போலும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக வாய்க்கொழுப்பில் சொல்லவில்லை, அவருக்கு உதவியாகச் சொன்னேன்: "ஐயாவும் காலையில தோணியாலதானே வந்தீங்க."

பின்வரிசை வாங்கில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். தலைமை வாத்தியாரின் பிரம்பு என் விரல்மொளியில் இறங்கியது. கையிலிருந்த பென்சில் தெறித்து மணலில் எங்கோ விழுந்தது. பிறகு எவ்வளவு கிண்டியும் அது கிடைக்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் ஐயா முகம் சிவக்க, "கணக்கில் தோணி இல்லை" என்று சொல்லி, என் நாவற்கலர்க் கோட்டுக்குக் குறுக்கே சிவப்பு மையால் ஒரு வெட்டு வெட்டினார். தாளை மடித்துத் தோல்பைக்குள் வைத்தார்.

அவரை விடுங்கள். கணக்கு வாத்தியாரைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அவர் அக்கரை ஆள். திங்கட்கிழமை காலையில் எங்கள் தோணியில் வந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் தோணியில் போகிறவர். இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடுதான் குறுகியது என்று ஈரமணலில் எங்களை நிறுத்திப் படிப்பித்தவர். ஒரு சொல் சொன்னால் என்ன? "ஐயா, இங்குள்ள பிள்ளைகளுக்கு வழியென்றால் தண்ணீர்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? அவர் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனுசன், சாந்தமான மனுசன் என்று ஊரெல்லாம் பெயர். அந்தச் சாந்தத்தை வாவியில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

பின்னேரம் துறையில், அப்பாவிடம் நான் வாய் திறக்குமுன்னே எல்லாரும் வந்துவிட்டார்கள். தலைமை வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அப்பா பழையபடி குனிந்து, இன்ஸ்பெக்டரை முதுகில் ஏற்றித் தோணியில் இருத்தினார். நான் சிரட்டையோடு அவருடைய காலடியில். தோல்பை நனையாமல் பலகைமேல், என் தோளுக்குப் பக்கத்தில். அதற்குள் என் தாள்.

நடு வாவியில் அப்பா பேசத் தொடங்கினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் முதலில் எழுதி முடித்ததை மட்டும் யாரோ பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். முகம் பூரித்துப்போய் இருந்தார்.

"ஐயா, இது என்ட மகள். இந்தத் துறைக்கும் அந்தத் துறைக்கும் அரை மைல் எண்டு கட்டம் போட்டுக் கண்டுபுடிச்சவ. ரோட்டால சுத்தினாப் பதினாலாம். நான் இவ்வளவு காலம் தோணி வலிக்கிறன், எனக்குத் தெரியாது பாருங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார். அந்த ஒரு கணம், திறப்பார் என்று நினைத்தேன். நடு வாவியில், தண்ணீரால் போய்க்கொண்டு இருக்கும்போது, அந்தத் தாளை எடுத்து அந்த வெட்டைத் திருத்த மனம் வரும் என்று நினைத்தேன். அவர் வெயிலுக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அக்கரையில் இறக்கிவிட்டு அப்பா கூலி வாங்கவில்லை. கும்பிட்டுக்கொண்டு, "என்ட புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க ஐயா" என்றார்.

"பார்ப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தப் "பார்ப்போம்" என்ற சொல்லை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. வெட்டிய பேனை பையில், வெட்டிய தாள் பையில், வாயில் பார்ப்போம். இல்லை என்று சொல்லியிருந்தால் அப்பா அன்றோடு விட்டிருப்பார். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் கச்சான் காலம் முழுவதும் இருந்தார். அக்கரை போகும்போதெல்லாம் தபால் கந்தோரில் கடிதம் வந்ததா என்று கேட்டுவருவார். துணித் தட்டுப்பாட்டிலும் எப்படியோ துணி தேடி, வைக்கோல் அடைக்க எனக்கு ஒரு மெத்தைப் பை தைப்பித்தார். விடுதியில் வெறும் கட்டில்தான் தருவார்களாம். வாடைக்காற்று தொடங்கி, மழை வந்து, வாவி ஏறி, துறையின் தாழை மரம் பாதி முங்கிய பிறகும் அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். நான் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வது? நீங்கள் சொல்லியிருப்பீர்களா?

தைப் பொங்கல் கழிந்து ஒருநாள் விதானையார் மகளோடு துறைக்கு வந்தார். ஒரு தகரப் பெட்டி, புதுச் சட்டை, தலையில் கனகாம்பரம். பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அப்பா பெட்டியை வாங்கித் தோணியில் வைத்தார். ரோட்டால் போக வேண்டும் என்று எழுதியவளை நாங்கள் தண்ணீரால் கொண்டுபோனோம். பாதியில் அவளுக்குக் குமட்டிச் சத்தி வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறுகையால் இறைத்தேன்.

விதானையார் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "உன்ட மகளும் நல்லா எழுதினவதானாம், என்ன? தோணியப் பத்தி வாய் காட்டிக் கெடுத்துக்கிட்டாவாம்" என்றார். அப்பாவின் துடுப்பு ஒரு தரம் தண்ணீரில் படாமல் காற்றில் போனது.

அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அப்பா கேட்டார். நான் முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். அவர் துடுப்பைத் தூக்கித் தோணிக்குள் வைத்தார். பிறகு, "அப்ப, அண்டைக்கு நான் அவருக்கிட்டச் சொல்லக்குள்ள, அவருக்கு எல்லாம் தெரியுமா?" என்றார்.

"தெரியும் அப்பா."

"பேப்பர் எங்க இருந்தது?"

"அந்தப் பைக்குள்ள. எனக்குப் பக்கத்திலதான்."

அவர் துடுப்பை எடுத்துத் திரும்ப வலித்தார். கரைக்கு வந்ததும் முதுகை ஒரு தரம் தடவிக்கொண்டார், அங்கே ஏதோ ஒட்டியிருப்பது போல.

அக்கா கலியாணம் முடித்தாள். நாங்கள் மூவரும் பின்வளவுக் குடிலுக்கு ஒதுங்கினோம். எனக்கு வீடும் இல்லை, பள்ளியும் இல்லை. அந்த மெத்தைப் பையைப் பிரித்து அம்மா அக்காவின் பிள்ளைக்குத் துணி கிழித்தாள். நான் பிறகு எப்படிப் பிழைத்தேன் என்பது இந்தக் கதையில் சேர்த்தியில்லை. யாருடைய தயவிலும் பிழைக்கவில்லை என்பது மட்டும் போதும்.

அடுத்த வருடக் கச்சானில், இன்ஸ்பெக்டர் ஐயா திரும்ப வந்த நாளில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அதனால் வந்த கரைச்சலை முதலில் சொன்னால்தான் அதன் பாரம் தெரியும். விதானையார் வந்து துறையையே பறிப்பேன் என்று கத்தினார். தலைமை வாத்தியார் பாதையில் அப்பாவைக் கண்டால் காறித் துப்பினார். அம்மா குடிலுக்குள் இருந்து தலையில் அடித்துக்கொண்டாள், அரசாங்கத்து ஆளோடு உனக்கென்ன எடுப்பு என்று. இன்ஸ்பெக்டர் ஐயா மாட்டுக்கரத்தை பிடித்துப் பதினான்கு மைல் சுற்றி, பள்ளிக்கூடம் விட்ட பிறகு வந்து சேர்ந்தார். வரவேற்பு மாலை வாடி, பிள்ளைகள் வீட்டுக்குப் போய், கணக்கு வாத்தியார் மட்டும் வாசலில் நின்றாராம்.

அன்றைக்குக் காலை வெயில் ஏறுமுன்னே, வழக்கம்போல அக்கரையிலிருந்து கூவல் வந்தது. வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியும் இங்கிருந்தே தெரிந்தன. நான் சிரட்டையை எடுத்தேன். அப்பா மணலில் குந்திக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். எழும்பவில்லை. பதிலுக்குக் கூவவும் இல்லை. திரும்பவும் கூவினார்கள், கூவிக்கொண்டே இருந்தார்கள். துறையில் இன்னும் இரண்டு தோணிக்காரர் இருந்தார்கள். அவர்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஆளுக்கொரு பக்கம் திரும்பி இருந்துகொண்டார்கள். அப்பாவின் கையில் ஊசி வலைக்கண்ணில் ஏறாமல் வழுக்கி வழுக்கிப் போனது.

"அப்பா, கூப்பிடுறாங்க" என்றேன்.

"கேக்குது புள்ள" என்றார் அப்பா, தலை நிமிராமல். "கணக்கில தோணி இல்லியாம். ரோட்டால வரட்டும்."

நான் சிரட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் குந்தி, அந்த ஊசியை வாங்கி வலைக்கண்ணில் கோத்துக் கொடுத்தேன்.